மேல்மாடி மேனேஜரின் சட்டை

செத்தவர்களின் துணியைப் பராமரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அது அழுக்காகவும் கூடாது, வெளுக்கவும் கூடாது. கிழியக் கூடாது, ஏற்கெனவே கிழிந்திருந்தால் அந்தக் கிழிசல் ஒரு நூலளவுகூட வளரக் கூடாது. ஊசியக்கா மூன்று வருஷமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

தொலைக்காட்சித் தொடரின் பெயர் ‘மேல்மாடி’. செத்துப்போனவர்கள் எல்லாரும் ஒரு பெரிய அலுவலகத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கேயும் விடுதலை இல்லை, ஆளுக்கொரு மேஜை கொடுத்து வேலை வாங்குகிறார்கள். புதிதாக வருகிறவர்களைப் பதிவு செய்ய ஒரு பிரிவு. ‘நான் சாக வேண்டிய ஆளே இல்லை’ என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிக்க ஒரு பிரிவு. சொந்தக்காரர் கனவில் போய்வர அனுமதி கேட்பவர்களுக்கு ஒரு பிரிவு. அங்கே எப்போதும் கூட்டம். லிஃப்ட் மேலே மட்டும் வரும். கதையின் பெரிய விதி ஒன்றுதான்: சாகும்போது எதை உடுத்தியிருந்தார்களோ அதோடுதான் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். சவரம் செய்துகொண்டிருக்கும்போது போனவர் பாதி முகத்தில் நுரையோடு பதிவு மேஜையில் இருந்தார். நீச்சல் குளத்தில் போன அம்மாள் ரப்பர் தொப்பியும் தண்ணீர்க் கண்ணாடியுமாக ஃபைல் அடுக்கினாள்.

மேனேஜர் செத்தது அவருடைய ஆபீஸ் மேஜையில். டீ குடித்துக்கொண்டே போய்விட்டார். ஆபீஸ் பூட்டும் நேரம்வரை யாருக்கும் தெரியவில்லை. வழக்கமாகவே அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆகவே அவருக்கு வெளிர்நீலச் சட்டை, இடது பையின் மேல் டீக் கறை, ஒரு காலில் ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸ். மேஜைக்கடியில் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டுக் காலாறும் பழக்கம் அவருக்கு இருந்தது என்பது கதை. நடித்தவர் பெயர் படப்பிடிப்புத் தளத்தில் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது. வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர்வரை எல்லாருக்கும் அவர் மேனேஜர்தான்.

ஊசியக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தையல் அறையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவள். நோயாளிகளின் அங்கி, படுக்கை விரிப்பு, அறுவை அறைத் துணி, குழந்தைகளுக்கான கைக்கட்டு எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியே தைத்ததாகவே மூட்டை மூட்டையாக வாங்க ஆரம்பித்தார்கள். தையல் அறையில் ஸ்கேன் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. தெரிந்த ஒருத்தி சொல்லி ஊசியக்கா இங்கே வந்தாள். வந்த அன்று இயக்குநர் வேலையை விளக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, “பழசாகாம பார்த்துக்கணும், அவ்வளவுதானே சார்?” என்றாள். அவர் அவ்வளவுதான் என்றார்.

உடையறை தளத்தின் பின்புறம், ஜன்னல் இல்லாத நீள அறை. ஒவ்வொரு உடைக்கும் ஜோடி உண்டு: ஒன்று உடம்பில், ஒன்று கயிற்றில். அலமாரிக் கதவுகளின் உள்பக்கம் முழுக்க முதல் நாள் எடுத்த புகைப்படங்கள். காலர் எப்படி மடங்கியிருந்தது, சட்டைக்கை எத்தனை சுற்றுச் சுருட்டியிருந்தது, டீக் கறையின் ஓரம் எந்தப் பக்கம் நாக்கு நீட்டியிருந்தது என்று எல்லாம் அதில் தெரியும். துவைக்கும்போது கறை மங்கும். துணிச் சாயத்தைச் சின்னத் தூரிகையில் தொட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து அதைத் திரும்ப வரைவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை.

மேனேஜர் வயதில் அவளைவிடப் பெரியவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“எனக்கு அண்ணன் வயசு ஆகுது உங்களுக்கு. அக்கான்னு கூப்பிடாதீங்க” என்றாள் ஒருநாள்.

“செத்தவனுக்கு வயசு ஏறாதுக்கா. நீங்கதான் ஏறிக்கிட்டே போறீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பாட்டின்னு கூப்பிடுவேன், கோச்சுக்காதீங்க.”

மூன்றாம் வருஷத்துக் கோடையில் அவருடைய காலர் பேச ஆரம்பித்தது. பட்டனை மேலே வரை போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் இருக்க வேண்டும். ஊசியக்காவின் முழுக் கையும் நுழைந்தது. பெல்ட் வழக்கமான துளையில்தான் இருந்தது, படத்தில் அந்தத் துளைதான் தெரியும். ஆனால் இடுப்பில் நிற்காமல் பேன்ட்டோடு கீழே சரிந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

“எத்தனை நாளா?”

“என்ன எத்தனை நாளா?”

“உடம்பு எறங்குறது.”

“டயட்டுக்கா. காலையில பழம், ராத்திரி பட்டினி.”

“பட்டினி கிடந்தா முதல்ல தொப்பை போகும். உங்களுக்கு அதோட கன்னமும் தோளும் போயிருக்கு. பொய் சொல்றதுன்னா தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூ போட்ட காலையும் போடாத காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வயித்துல” என்றார். “டாக்டர் ஒரு பேர் சொன்னார். நீளமான பேரு. அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் பயந்து முடிச்சுட்டேன்.”

“வைத்தியம்?”

“நடக்குது. ஊசி, மாத்திரை. மூணு வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் படுத்துக்கணும், சொட்டு சொட்டா எறக்குவாங்க.”

“இயக்குநருக்கு?”

“தெரியாது. தெரியவும் கூடாது.” முதல்முறையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை. “தெரிஞ்சா என்ன பண்ணுவார்? ஓய்வெடுங்க சார்னு வீட்டுக்கு அனுப்பிடுவார். வீட்டுல தம்பி, தம்பி சம்சாரம். தங்கமான பொண்ணு. தலையணையைச் சரி பண்றா, சரி பண்ணிட்டு மறுபடி வந்து சரி பண்றா. எங்கிட்ட மட்டும் குரலை எறக்கிப் பேசறா. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வருது. வீட்டுல நான் நோயாளிக்கா. இங்க வந்தா வெறும் செத்தவன். செத்தவனை யாரும் ‘இன்னிக்கு எப்படி இருக்கு’ன்னு கேக்க மாட்டாங்க.”

ஊசியக்காவின் வாயில் குண்டூசி இருந்தது. சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். அவளுக்கு அதில் இரக்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டை படத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். இப்போது அப்படி இல்லை. அதைச் சரிசெய்வது அவள் வேலை. யாரும் கேட்காத விஷயத்தைப் போய்ச் சொல்வது அவள் வேலை இல்லை.

அதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையாவது இரண்டு சட்டையையும் பிடித்துத் தைத்தாள். தோளில் உள்பக்கமாக மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்தாள். பேன்ட்டின் இடுப்பைப் பின்னால் குறுக்கினாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று அவள் நினைத்திருந்தபோது அவள் புருஷன் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆப்பரேட்டர். வாழ்நாள் முழுக்க ஊரை ஏற்றி இறக்கிவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்; முழங்கால் போன பிறகு கீழே இறங்குவதை அநேகமாக விட்டுவிட்டார். ‘மேல்மாடி’யை ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பார், பார்த்துவிட்டுத் திட்டுவார்.

“லிஃப்ட் கதவு இப்படித் தொறக்காது. எவனோ ரெண்டு பேரு பின்னாடி நின்னு இழுக்கறான்.”

“ஆமா. ரெண்டு பேருதான்.”

“உங்க மேனேஜர் கடிகாரம் ஏன் முழங்கை வரைக்கும் ஓடுது?”

ஊசியக்கா தட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். மேனேஜர் கையை உயர்த்தி ஒரு புது ஆளுக்கு வரிசையைக் காட்டிக்கொண்டிருந்தார். கடிகாரம் மணிக்கட்டிலிருந்து வழுக்கிக் கீழே போனது.

“உடம்பு சரியில்லையா அந்த ஆளுக்கு?”

“கடிகாரம் சரியில்லை” என்றாள். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடிகாரப் பட்டையில் இன்னொரு துளை போட்டாள்.

பிறகு ஒளிப்பதிவாளர் ஒரு புகார் சொன்னார். மேனேஜர் பக்கவாட்டில் நிற்கும்போது சட்டையில் ஒரு கோடு தெரிகிறதாம், உள்ளே ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டார். உள்ளே இருந்தது மடிப்புதான். மெல்லிய துணி, பலமான விளக்கு. பிடித்துப் பிடித்து உள்ளே சேர்ந்த துணி தடித்து நின்றது. ஊசியக்கா கத்திரியை எடுத்து அந்த உபரித் துணியை வெட்டி எறிந்தாள். ஜோடிச் சட்டையிலும் வெட்டினாள். ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுக்க அவள் ஒரு அங்கியிலும் உள்துணியை வெட்டியதில்லை. நோயாளி உடம்பு எப்போது எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது, பிரித்துவிட இடம் இருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களைக் கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள். மேனேஜர் விஷயத்தில் உடம்பு ஒரே பக்கம்தான் போகும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள் போலிருக்கிறது. அப்படி முடிவு கட்டியது அவளுக்கே அப்போது தெரியவில்லை.

மழை ஆரம்பித்ததும் தளத்தின் கூரை ஒழுகியது. சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவிலுள்ள ஆபீஸில் வாளி வாளியாகத் தண்ணீர். கூரையைச் சரிசெய்யும்வரை சில வாரங்கள் படப்பிடிப்பை நிறுத்தினார்கள். ஒரு காட்சி பாதியில் நின்றது: புதிதாக வந்த ஒரு வக்கீல் மேஜையில் ஓங்கி அடிக்கிறார், மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார். எழுந்ததோடு நின்றது.

திரும்பக் கூடிய காலையில் மேனேஜர் உள்ளே வந்தபோது இயக்குநர் கையைத் தட்டிக்கொண்டே எதிரே போனார். அவர் வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை, எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

“என்ன சார், லீவுல சாப்பாட்டைப் பின்னி எடுத்துட்டீங்களா? முகம் பளபளன்னு இருக்கு. செத்தவங்க குண்டாகக் கூடாது சார், நம்ம தொடர்ல அதுக்கு வசதி இல்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். முகம் நிலாமாதிரி உருண்டிருந்தது. கழுத்தின் பின்னால் சதை திரண்டிருந்தது. கை கால் மட்டும் குச்சி. ஊசியக்காவுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். சாப்பாடு இறங்கட்டும், வலி குறையட்டும் என்று கொடுக்கிற மாத்திரை இப்படித்தான் ஊத வைக்கும். ஆஸ்பத்திரி வார்டில் சொந்தக்காரர்கள் ‘தேறிட்டார்’ என்று சந்தோஷப்படுவது இந்த முகத்தைப் பார்த்துத்தான்.

உடையறையில் சட்டை நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. பட்டனுக்கும் துளைக்கும் நடுவில் ஒரு சாண். ஜோடிச் சட்டையும் அதே கதை. அவள் தையலைத் திருப்பி, வெட்டிய ஓரத்தைப் பார்த்தாள். பிரித்துவிட அங்கே ஒன்றும் இல்லை.

“என்னக்கா?”

“என் தப்பு” என்றாள். “கழட்டுங்க.”

“வேற துணி?”

“இந்த நீலம் மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த நீலம். கடையில கிடைக்காது.”

வெளியே இயக்குநர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊசியக்கா சட்டையை மேஜையில் குப்புறப் போட்டு, காலரிலிருந்து நுனிவரை முதுகை நேராகக் கிழித்தாள். ஓரங்களை மடித்துத் தைத்தாள். இரண்டு பக்கமும் நாடா வைத்தாள். ஆஸ்பத்திரியில் சிலர் வீட்டுச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், அங்கி வேண்டாம், இவருக்கு இதுதான் பிடிக்கும் என்று. அதற்கெல்லாம் இந்தத் தையல்தான். கையை உயர்த்த முடியாதவருக்கு முன்பக்கமாக மாட்டிப் பின்னால் கட்டிவிடலாம்.

அவர் கையை நீட்டி மாட்டிக்கொண்டார். அவள் பின்னால் நின்று நாடாவை முடிந்தாள்.

“இது யாருக்குப் போடற தையல்னு எனக்குத் தெரியும்” என்றார் கண்ணாடியைப் பார்த்து.

“படுத்திருக்கறவங்களுக்கு.”

“படுத்திருக்கறவங்கள்ல ரெண்டு வகை உண்டுக்கா.”

“ரெண்டு வகைக்கும் ஒரே தையல்தான். நிமிருங்க.”

முன்னாலிருந்து பார்த்தால் சட்டை சட்டையாகத்தான் இருந்தது. வக்கீல் மேஜையில் அடித்தார், மேனேஜர் எழுந்து நின்று, “இங்க அப்பீல் கிடையாது சார், ஆனா காத்திருக்கறதுக்கு நல்ல நாற்காலி இருக்கு” என்றார். நன்றாக வந்தது. அதோடு விட்டிருக்கலாம். இயக்குநருக்குத் திடீரென்று ஒரு யோசனை. பின்னால் லிஃப்ட் கதவு திறக்கட்டும், மேனேஜர் திரும்பிப் பார்க்கட்டும். சொன்னார், கேமரா ஓடியது, கதவைப் பின்னாலிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். மேனேஜர் நடிகர், சொன்னதும் திரும்பிவிட்டார்.

தளம் முழுக்க அவர் முதுகைப் பார்த்தது. கிழித்த சட்டை, நாடா முடிச்சுகள், உள்ளே பனியன், பனியனுக்கு மேலே தோள்பட்டையில் சதுரமாக ஒரு வலிப் பிளாஸ்திரி.

“கட்” என்றார் இயக்குநர், ரொம்ப மெதுவாக.

அவருடைய அறையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். இயக்குநர் ஊசியக்காவைத்தான் கேட்டார்.

“என்னக்கா இது?”

“உடம்பு என்னுது. அதை எங்கிட்ட கேளுங்க” என்றார் மேனேஜர். பிறகு அவரே சுருக்கமாகச் சொன்னார். நோயின் பெயரைக்கூடச் சொன்னார், முழுசாக.

இயக்குநரின் முகம் தொங்கிப்போனது. அவர் எழுந்து, தண்ணீர் ஊற்றி, அதை மேனேஜருக்குக் கொடுத்தார். கேட்காதவருக்கு. அதைப் பார்த்ததும் ஊசியக்காவுக்குத் தெரிந்துவிட்டது, காரியம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று.

“சார், நீங்க ஓய்வெடுக்கணும்” என்றார் இயக்குநர். குரல் பாதியாக இறங்கியிருந்தது. “உங்களைக் கௌரவமா அனுப்பி வைப்போம். நல்ல எபிசோடு. அடுத்த வாரமே நீங்க பிறந்துடலாம்.”

‘மேல்மாடி’யில் ஒருவரை வேலையை விட்டு எடுக்க அதுதான் வழி. அங்கே சாவு ஏற்கெனவே முடிந்துவிட்டதால், போகிறவர்களைப் பூமிக்குப் பிறக்க அனுப்புவார்கள். செத்தபோது உடுத்தியிருந்ததைக் கவுன்டரில் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு சின்னக் கதவு வழியாகக் குனிந்து போக வேண்டும். உள்ளே போனதும் குழந்தை அழும் சத்தம் கேட்கும்.

“எனக்குப் பிறக்க வேண்டாம்” என்றார் மேனேஜர்.

“சார், நீங்க உணர்ச்சிவசப்படாதீங்க.”

“நான் எங்க படறேன்? நீங்கதான் தண்ணி ஊத்தறீங்க.”

“நடுவுல உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? பாதி வருஷக் கதை உங்க மேலதான் நிக்குது. நான் யாருக்குப் பதில் சொல்வேன்?”

ஊசியக்கா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் தன்னைக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் வாயைத் திறந்தாள்.

“ஆயிட்டா என்ன சார், கதையை எங்க மாத்தணும்? அவர் முதல் எபிசோடுலயே செத்தவர்தானே.”

இயக்குநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையால் வாயை மூடிக்கொண்டார்.

“அவர் சீனெல்லாம் காலையில எடுங்க” என்று அவள் தொடர்ந்தாள். “மாத்திரை வேலை செய்யற நேரம் அதுதான். மதியத்துக்கு மேல அவர் ஒண்ணுக்கும் ஆக மாட்டார். மேனேஜர்தானே, உக்காந்தே வேலை பார்க்கட்டும். கக்கூஸ் பக்கத்துல ஒரு ரூம் குடுங்க. அங்க இப்ப பழைய விளக்கெல்லாம் கிடக்கு, எடுத்துப் போட்டாப் போதும். மருந்து ஏத்திக்கிற வாரம் வர மாட்டார். வீட்டுக்கு அனுப்பினா படுத்துடுவார் சார். இப்படிப்பட்டவங்க ஒரு தடவை படுத்தா எழுந்திருக்கறது கஷ்டம். நான் பார்த்திருக்கேன்.”

“எவ்வளவு நாள் வருவார்?”

“அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவர் டாக்டருக்கும் தெரியாது.”

மேனேஜர் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரை மேஜையில் வைத்தார்.

“நாம என்னிக்கு சார் வரிசையா எடுத்திருக்கோம்?” என்றார். “முதல் எபிசோடோட முதல் சீனை எட்டாவது நாள் எடுத்தோம். நான் சாகறதை எடுக்கறதுக்கு முன்னாடி செத்தப்புறம் பண்ற வேலையை ஒரு மாசம் எடுத்தோம். அதே மாதிரி நான் போற சீனை இப்பவே எடுத்து வச்சுக்கோங்க. நிக்க முடியறப்பவே எடுத்துடலாம். உங்க பயம் தீர்ந்தது. அப்புறம் நான் என் மேஜைக்கு வந்து உக்காந்துக்கறேன். எப்ப வேணுமோ அப்ப அதைப் போட்டுக்கோங்க.”

இயக்குநர் அவரையே பார்த்தார். பிறகு மெல்ல அவர் கண்ணில் வேலை வந்தது.

“அந்த முதுகு” என்றார். “அதையே வச்சுக்கலாம் சார். கவுன்டர்ல சட்டையைக் கழட்டறப்போதான் நீங்க முதுகைப் பார்க்கறீங்க. யாரும் கவனிக்காம செத்தோம்னு நினைச்சுட்டிருந்த மனுஷன். ஆனா செத்தப்புறம் யாரோ ஒருத்தர் பொறுமையா உடுத்தி அனுப்பியிருக்காங்க. அழுதுடுவாங்க எல்லாரும்.”

“அழ வைக்காதீங்க. இது காமெடி” என்றார் மேனேஜர்.

“அதோட சார், மூணு வருஷத்துல அவர் பல தடவை முதுகைக் காட்டியிருக்கார்” என்றாள் ஊசியக்கா. “முழு முதுகு. என் வீட்டுக்காரர் ஒருத்தர் போதும், கண்டுபிடிச்சுக் காறித் துப்புவார்.”

ஆக, முழு முதுகுள்ள சட்டை வேண்டும். அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஜோடிச் சட்டையைக் கூறு போட்டாள். அதன் முதுகையும் காலரையும் முழுசாக எடுத்து இதற்குப் பொருத்தினாள். மீதியிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் பட்டை வெட்டிக் கொடுத்தாள். ஒட்டு தெரியாமல் இழை பார்த்துத் தைக்க இரண்டு பகல் பிடித்தது. இரண்டு ஒல்லி மேனேஜர்களை வெட்டி ஒரு தடித்த மேனேஜர் செய்தாயிற்று. இனிமேல் இந்தச் சட்டைக்குத் துணை கிடையாது. ஏதாவது ஆனால் அவ்வளவுதான்.

போகிற காட்சியை எடுத்த காலையில் தளத்தில் வேலை இல்லாதவர்கள்கூட வந்து நின்றார்கள். விஷயம் பரவியிருந்தது. ஒப்பனைக்காரர் மேனேஜர் முகத்தில் பஞ்சை வைக்கும்போது கையைக் காற்றுமாதிரி வைத்தார். டீ கொண்டுவந்தவர் சாசரில் இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாங்கினார். மேனேஜர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கவுன்டரில் பாதி முகம் நுரைக்காரர். மேனேஜர் வந்து நின்று கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஒற்றை ஷூவைக் கொடுத்தார். சட்டைப் பட்டனில் கை வைத்தார். முதல் பட்டன் வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும். பட்டன் எங்கே இருக்கிறது என்று தொட்டால் தெரியாது. துளையைப் பெரிசாக்கி வைத்திருந்தாள் ஊசியக்கா, அப்படியும் வரவில்லை. அவள் கேமராவுக்குப் பின்னால் நின்று தன் விரல்களைப் புடவையில் அழுத்திக்கொண்டாள். இயக்குநர் ‘கட்’ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

நுரைக்காரருக்கு வசனம் தீர்ந்துவிட்டது. அவராக ஒன்றைச் சொன்னார்: “என்ன சார், போக மனசு வரலையா?”

“மனசெல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார் மேனேஜர். “பட்டனுக்குத்தான் என்னை விட மனசில்லை.”

நுரைக்காரர் கவுன்டருக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பட்டனைக் கழற்றிவிட்டார். மேனேஜர் சட்டையை மடித்து வைத்து, வெள்ளைத் துணியைப் போர்த்தி, சின்னக் கதவில் தலையை இடித்துக்கொள்ளாமல் குனிந்து போனார். குழந்தைச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு கைதட்டினார்கள். நிறைய நேரம் தட்டினார்கள். நீச்சல் குளத்து அம்மாள் தண்ணீர்க் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் கதவின் பின்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்து, போர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சரி. அடுத்த சீன் எது?”

இயக்குநர் அருகில் வந்து குனிந்தார். “சார், இன்னிக்குப் போதுமே. நாளைக்கு வேணா பார்த்துக்கலாம்” என்றார், அதே பாதிக் குரலில்.

“ஏன் சார் எல்லாரும் ரகசியம் பேசறீங்க? மருந்து ஏத்தற இடத்துல கூட இதைவிடச் சத்தமா இருக்கும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போர்வையின் ஓரத்தை அவர் கை இறுக்கிப் பிடித்திருந்ததை ஊசியக்கா பார்த்தாள். அவர் பேரம் பேசி வாங்கியது இந்த நாற்காலியை மட்டும் இல்லை. நாற்காலி கிடைத்துவிட்டது, தன்னிடம் யாரும் குரலை இறக்காத இடம் கைநழுவிக்கொண்டிருந்தது.

அவள் சட்டையை எடுத்துக்கொண்டு நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். போர்வையை உருவினாள். அவர் கையைப் பிடித்துச் சட்டைக்குள் விட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. தளம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

“இது ஒண்ணுதான் இருக்கு. கேட்டுக்கோங்க. ஜோடி கிடையாது. டீயைக் கொட்டினாலும் சரி, பிஸ்கட்டை நனைச்சு ஒழுகவிட்டாலும் சரி, உங்களைக் கொன்னே போடுவேன்.”

“அந்த வேலை முன்னாடியே முடிஞ்சிடுச்சுக்கா.”

“வாய் மட்டும் இளைக்கலை. காலைக் காட்டுங்க. ஷூ எங்க?”

“கவுன்டர்ல குடுத்துட்டேன். பிறந்தவனுக்கு எதுக்கு ஷூ?”

விளக்குக்காரர்களில் ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒப்பனைக்காரர். யாரோ ஷூவைத் தூக்கி எறிந்தார்கள், அவள் பிடித்து அவர் காலில் மாட்டினாள். மேஜையைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டார்கள்.

காட்சி சின்னதுதான். ஒரு கிழவி கனவில் போய்வர அனுமதி கேட்கிறாள், மேனேஜர் அதில் உள்ள நடைமுறைகளை விளக்க வேண்டும். வசனம் நாலு வரி, நீளமான வரிகள். முதல் தடவை நடுவில் மறந்தார். இரண்டாம் தடவை இன்னும் முன்னாலேயே மறந்தார். கவலைப்படாதீங்க சார் என்றார் இயக்குநர், மெதுவாக. மூன்றாம் தடவை மறந்து, அந்த இடத்தில் சொந்தமாக ஏதோ சேர்த்துச் சொல்லி, கிழவியையும் குழப்பிவிட்டார்.

இயக்குநர் கையிலிருந்த தாள்களை நாற்காலியில் அடித்தார்.

“என்ன சார் இது? நாலு வரி. நாலே நாலு வரி. காலையிலேர்ந்து இந்தம்மா கால் கடுக்க நிக்கறாங்க, நீங்க பாட்டுக்கு மனசுல தோணினதைப் பேசிட்டிருக்கீங்க. படிச்சுட்டு வரணும்னு ஒரு எண்ணம் வேண்டாமா? போய்ப் படிங்க. அஞ்சு நிமிஷம் தர்றேன்.”

“சரி சார்” என்றார் மேனேஜர்.

தாளை வாங்கிக்கொண்டு, மேஜைக்கடியில் ஷூவைக் கழற்றிவிட்டு, உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தார். முகம் அந்த ஊதலுக்கு நடுவிலும் திருப்தியாக இருந்தது. ஊசியக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நீச்சல் குளத்து அம்மாளின் தொப்பி காய்ந்துவிட்டதா என்று பார்க்க உடையறைக்குப் போனாள்.